பழைய கார் எஞ்சினுக்கு வலுவான இக்னிஷன் காயில் அமைப்பை நாமே பொருத்தும் முறை

பாயிண்ட் (காயிலின் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் தொடர்பு முனை) வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் (பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி பிரித்து அனுப்பும் உறுப்பு) கொண்ட பழைய கார்களில் இக்னிஷனை மேம்படுத்த நினைக்கும் பலர், பேட்டரி மின்னழுத்தத்தைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தும் காயிலைக் கழற்றிவிட்டு, பெட்டியின் மேல் நாற்பதாயிரம் வோல்ட் என்று அச்சிட்ட வேறொரு காயிலை அதே ஒயர்களில் மாட்டிவிடுகிறார்கள். அதன் பிறகு ஒன்று, எந்த மாற்றமும் தெரிவதில்லை. அல்லது பாயிண்ட் சீக்கிரமே கருகிவிடுகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. காயில் தனித்து நின்று வேலை செய்யும் உறுப்பு அல்ல. அதற்குள் மின்னோட்டத்தைக் கொண்டுவரும் ஒயர், அந்த மின்னோட்டத்தைச் சரியான கணத்தில் துண்டிக்கும் சுவிட்ச், அது நிரம்புவதற்குக் கிடைக்கும் நேரம் ஆகிய மூன்றும் பொருந்தினால்தான் வலுவான காயிலால் பயன் உண்டு. ஆகவே இக்கட்டுரை காயிலை மாற்றுவதை மட்டும் சொல்லாமல், காயில், அதை இயக்கும் மாட்யூல், ரிலே, ஒயரிங் என முழு அமைப்பையும் வீட்டில் இருந்தபடியே பொருத்தும் முறையைச் சொல்கிறது.

தொடங்கும் முன் இரண்டு எல்லைகளைச் சொல்லிவிட வேண்டும். முதலாவது, காயிலையே வீட்டில் சுற்றிக்கொள்ள முயல வேண்டாம். காயிலில் உயர் மின்னழுத்தம் எழும் துணைச் சுருளில் தலைமுடி போன்ற மெல்லிய கம்பி ஏறத்தாழ இருபதாயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டு, அடுக்குக்கு அடுக்கு காப்பிடப்பட்டு, காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாதபடி வெற்றிடத்தில் எண்ணெயோ ரெசினோ நிரப்பப்பட்டிருக்கும். ஒரு குமிழி தங்கினாலும் உயர் மின்னழுத்தம் அந்த இடத்தைத் துளைத்துக்கொண்டு போய்விடும். இரண்டாவது, கணினி கட்டுப்பாட்டில் இயங்கும், ஒவ்வொரு பிளக்கின் மேலும் தனிக் காயில் வைத்த இன்றைய எஞ்சின்களுக்கு இக்கட்டுரை பொருந்தாது. அவற்றில் காயிலுக்குள் எத்தனை மில்லிவினாடி மின்னோட்டம் பாய வேண்டும் என்பது அந்தக் காயிலுக்கென்றே கணக்கிடப்பட்டுக் கணினியில் பதியப்பட்டிருக்கிறது. வேறு காயிலை மாட்டினால் கணினிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டரே கெட்டுப்போகக்கூடும்.

காயிலுக்குள் நடப்பது

சார்லஸ் கெட்டரிங் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வடிவமைத்த முறையே பல பத்தாண்டுகள் கார்களில் நிலைத்திருந்தது. பாயிண்ட் மூடியிருக்கும்போது பேட்டரியிலிருந்து காயிலின் முதன்மைச் சுருள் வழியாக மின்னோட்டம் பாய்ந்து, இரும்பு உள்ளகத்தில் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. பாயிண்ட் திறந்ததும் மின்னோட்டம் நின்று, காந்தப்புலம் சரிகிறது. அந்தச் சரிவு முதன்மைச் சுருளில் முந்நூறு வோல்ட் அளவிலும், அதைப்போல ஏறத்தாழ நூறு மடங்கு சுற்றுகள் கொண்ட துணைச் சுருளில் பல்லாயிரம் வோல்ட் அளவிலும் மின்னழுத்தத்தை எழுப்புகிறது.

இங்கே புதியவர்கள் தவறாமல் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நாற்பதாயிரம் வோல்ட் காயிலை மாட்டினால் பிளக்கில் ஒவ்வொரு முறையும் நாற்பதாயிரம் வோல்ட் வந்துவிடாது. பிளக்கின் இடைவெளியில் உள்ள வாயுவை உடைத்துத் தாண்ட எவ்வளவு தேவையோ அவ்வளவுக்குத்தான் மின்னழுத்தம் ஏறும். தாண்டிய கணமே அது விழுந்துவிடும். அந்தத் தேவை இடைவெளியின் அகலத்தையும் சிலிண்டருக்குள் உள்ள அழுத்தத்தையும் பொறுத்தது. மிச்சமிருக்கும் ஆற்றல், பொறி எவ்வளவு நேரம் எரிகிறது என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே ஒரு காயிலை எடைபோட, பெட்டியின் மேல் அச்சிட்ட வோல்ட் எண்ணைப் பார்ப்பதைவிட, அது ஒவ்வொரு பொறிக்கும் எத்தனை மில்லிஜூல் ஆற்றலைச் சேமிக்கிறது என்று பார்ப்பதே சரி.

சேமிக்கும் ஆற்றல், முதன்மைச் சுருளின் தன்மின் தூண்டல் எண்ணில் பாதியை மின்னோட்டத்தின் இருமடியால் பெருக்கினால் கிடைக்கும். மின்னோட்டம் இருமடியாக வருவதால், அது கொஞ்சம் குறைந்தாலும் ஆற்றல் நிறையக் குறையும். மேலும், சுருளில் மின்னோட்டம் உடனே உச்சத்தைத் தொடுவதில்லை. தூண்டல் எண் அதைத் தடுத்து மெதுவாக ஏற்றுகிறது. இந்த இரண்டையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால், செய்யப்போகும் வேலையின் பயன் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பது தெளிவாகிவிடும்.

எடுத்துக்காட்டாக, 3 ஓம் மின்தடையும் 8 மில்லிஹென்றி தூண்டல் எண்ணும் கொண்ட பழைய உருளை வடிவக் காயில் ஒன்றை நான்கு சிலிண்டர் எஞ்சினில் வைத்துப் பார்ப்போம். எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்றில் ஓடும்போது ஒரு பொறிக்கும் அடுத்த பொறிக்கும் நடுவே 30 மில்லிவினாடி இருக்கிறது. அதில் அறுபது சதவீத நேரம் பாயிண்ட் மூடியிருந்தால் 18 மில்லிவினாடி கிடைக்கும். 13.5 வோல்ட் கிடைக்கும் நிலையில் மின்னோட்டம் முழு உச்சமான 4.5 ஆம்பியரைத் தொட்டுவிடும். சேமிக்கும் ஆற்றல் சுமார் 80 மில்லிஜூல். அதே எஞ்சின் 6000 சுற்றில் ஓடும்போது இரு பொறிகளுக்கு நடுவே 5 மில்லிவினாடிதான். பாயிண்ட் மூடியிருப்பது 3 மில்லிவினாடி. அதற்குள் மின்னோட்டம் 3 ஆம்பியருக்குத்தான் ஏறுகிறது. ஆற்றல் 37 மில்லிஜூலாக, அதாவது பாதிக்கும் கீழே விழுந்துவிடுகிறது. ஸ்டார்ட் செய்யும்போதும் இதே கதைதான்: ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் இழுப்பில் பேட்டரி 9.5 வோல்ட்டுக்கு இறங்கினால், எத்தனை நேரம் கொடுத்தாலும் மின்னோட்டம் 3.2 ஆம்பியரைத் தாண்டாது. ஆற்றல் 40 மில்லிஜூல்.

மின்தடை 0.6 ஓம், தூண்டல் எண் 5 மில்லிஹென்றி கொண்ட, மின்னணு இக்னிஷனுக்கென்று செய்யப்பட்ட காயிலை இப்போது எடுத்துக்கொள்வோம். மாட்யூலில் விழும் ஒன்றரை வோல்ட்டைக் கழித்த பிறகும், இதில் மின்னோட்டம் 5.5 ஆம்பியரை 2.7 மில்லிவினாடிக்குள் தொட்டுவிடும். அந்த அளவில் ஆற்றல் சுமார் 75 மில்லிஜூல். 6000 சுற்றிலும் அதே 75, பேட்டரி 9.5 வோல்ட்டுக்கு இறங்கிய நிலையிலும், ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றுவதால் நேரம் தாராளமாக இருக்க, அதே 75.

இந்த எண்களை நிதானமாகப் பாருங்கள். ஐடிலிங்கில் பழைய காயிலே புதியதற்குச் சமமாக இருக்கிறது. பயன் முழுவதும் உயர் சுற்றிலும், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் வேளையிலும், பேட்டரி தளர்ந்திருக்கும்போதும்தான். நல்ல நிலையில் உள்ள, பொறி தவறாத எஞ்சினில் இந்த மாற்றம் குதிரைத்திறனைக் கூட்டாது. கூட்டும் என்று சொல்பவரை நம்பிப் பணத்தைச் செலவிடாதீர்கள்.

அப்படியானால் 0.6 ஓம் காயிலைப் பாயிண்டோடு நேராக மாட்டினால் என்ன? 13.5 வோல்ட்டை 0.6 ஓமால் வகுத்தால் 22 ஆம்பியர் வருகிறது. பாயிண்ட் நெடுநாள் தாங்கக்கூடியது 4 ஆம்பியர் அளவுதான். ஐடிலிங்கிலேயே பாயிண்ட் கருகி, காயிலும் கொதித்துவிடும். இதனால்தான் குறைந்த மின்தடைக் காயிலுக்கு, மின்னோட்டத்தை ஓர் அளவில் நிறுத்திப் பிடிக்கும் மாட்யூல் கட்டாயம் வேண்டும்.

என்னென்ன தேவை

புதியவருக்கு நான் பரிந்துரைப்பது, ஜெனரல் மோட்டார்ஸ் 1970-களின் நடுவில் தன் ஹெச்.இ.ஐ. (உயர் ஆற்றல் இக்னிஷன்) அமைப்போடு கொண்டுவந்த நான்கு முனை மாட்யூலை, அல்லது அதே வகையில் நம்பகமான தயாரிப்பாளர் செய்ததை. அது மின்னோட்டத்தை ஏறத்தாழ 5.5 ஆம்பியரில் நிறுத்துகிறது. எஞ்சின் வேகத்துக்கு ஏற்பக் காயில் நிரம்பும் நேரத்தைத் தானே கூட்டிக் குறைக்கிறது. எஞ்சின் நின்றிருக்கும்போது சாவி திறந்திருந்தாலும் காயிலுக்குள் மின்னோட்டம் விடுவதில்லை. இந்த மூன்றையும் தனித்தனி உறுப்புகளை வைத்து நாமே சாலிடர் செய்து கட்டலாம்தான். ஆனால் முதல் முயற்சிக்கு அது ஏற்றதல்ல.

இந்த மாட்யூலுக்குச் சிக்னல் கொடுப்பது பாயிண்ட் அல்ல, காந்தப் பிக்கப். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டில் பல் வைத்த சிறு சக்கரமும், அதன் பக்கத்தில் காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட பிக்கப்பும் இருக்கும். பல் ஒவ்வொன்றும் கடக்கும்போது ஏறி இறங்கும் ஒரு மின்னலை உண்டாகும். பாயிண்ட் தரும் திறந்து மூடும் சிக்னலை நேராக இந்த மாட்யூலுக்குக் கொடுத்தால் அது சரியாக இயங்காது. பல எஞ்சின்கள் முதலில் பாயிண்டோடும் பின்னாளில் பிக்கப்போடும் வெளிவந்தவை. ஆகவே உங்கள் எஞ்சின் வகைக்கே உரிய பிக்கப் டிஸ்ட்ரிபியூட்டரைத் தேடிப் பெறுவதே நேர்வழி. வேறு எஞ்சினின் டிஸ்ட்ரிபியூட்டர் உடலளவில் பொருந்தினாலும், வேகம் கூடும்போது பொறியை முன்கூட்டியே விழவைக்கும் அதன் அட்வான்ஸ் எடைகளும் ஸ்பிரிங்குகளும் வேறு எஞ்சினுக்கு அளந்தவை என்பதை மறக்க வேண்டாம்.

காயிலைத் தேர்ந்தெடுக்கும்போது இரும்புச் சட்டம் வெளியே தெரியும், ரெசின் வார்த்த, மூடிய காந்தச் சுற்று கொண்ட வகையைப் பாருங்கள். முதன்மைச் சுருளின் மின்தடை 0.4 முதல் 0.8 ஓம் வரை இருக்கலாம்; துணைச் சுருள் பொதுவாக 6,000 முதல் 12,000 ஓம் வரை காட்டும். இத்தகைய காயிலை எந்தத் திசையிலும் படுக்க வைக்கலாம். எண்ணெய் நிரப்பிய பழைய உருளைக் காயிலுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

இவற்றோடு 12 வோல்ட், 30 ஆம்பியர் ரிலே ஒன்று, 15 ஆம்பியர் ஃபியூஸும் அதன் ஹோல்டரும், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், நல்ல கிரிம்ப் முனைகள், தெர்மல் பேஸ்ட், மாட்யூலை ஏற்றுவதற்கு 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள தட்டையான அலுமினியத் தகடு அல்லது துடுப்பு வைத்த ஹீட் சிங்க் ஆகியவை வேண்டும். கருவிகளில் டிஜிட்டல் மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ், டைமிங் லைட், ஸ்பார்க் டெஸ்டர் ஆகிய நான்கையும் தவிர்க்க முடியாது. வாகனத்தில் செய்யும் மாற்றங்களுக்கும் புகை அளவுக்கும் உங்கள் இடத்தில் உள்ள விதிகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உயிருக்கு ஆபத்தானவை

பழைய பாயிண்ட் இக்னிஷனில் பிளக் ஒயரைத் தொட்டு உதறிக்கொண்ட அனுபவத்தை வைத்து இந்த அமைப்பை எடைபோடக் கூடாது. இது ஸ்டார்ட் செய்யும்போதே முழு ஆற்றலைத் தருகிறது. காயிலின் மைய முனை மட்டுமல்ல, நெகட்டிவ் முனையிலும் எஞ்சின் ஓடும்போது முந்நூறு வோல்ட்டுக்கு மேல் எழும். இரண்டையும் தொடக் கூடாது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இந்த வேலையைச் செய்யவோ, ஓடும் எஞ்சினின் அருகில் குனிந்து பார்க்கவோ வேண்டாம். பெட்ரோல் வாடை இருக்கும்போது பொறிச் சோதனை செய்யாதீர்கள்; பிளக்கைக் கழற்றிய துளையிலிருந்தும் எரியும் ஆவி வரும் என்பதால் டெஸ்டரை அதற்கு எட்டத்தில் வையுங்கள். ஒயரிங் செய்யும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனை கழன்றே இருக்கட்டும்.

வேலையைத் தொடங்குவதற்கு முன்

எஞ்சினின் இப்போதைய நிலையை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கம்ப்ரஷன் குறைந்திருந்தாலோ, கார்புரேட்டர் கலவை பிசகியிருந்தாலோ, பிளக் ஒயர் உள்ளே அறுந்திருந்தாலோ, அந்தக் குறைகள் புதிய காயிலுக்குப் பிறகும் அப்படியே இருக்கும், கண்டுபிடிப்பதுதான் கடினமாகும். டைமிங் லைட்டால் ஐடிலிங்கிலும் 3000 சுற்றிலும் டைமிங், அதாவது பொறி விழும் கணம், எத்தனை டிகிரி என்று குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். உள்சுவரில் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் பென்சிலால் கிறுக்கியது போல மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால், அது பொறி ஓடி ஓடிக் கரியாக்கிய தடம். துடைத்தாலும் சுரண்டினாலும் அது போகாது. கேப்பை மாற்றுவதுதான் வழி. பழைய காயில் விட்டுவைத்த இத்தகைய பலவீனங்களைப் புதிய காயில் முதல் நாளே தேடிப் பிடித்துவிடும். கேப், அதற்குள் சுழலும் ரோட்டார், பிளக் ஒயர் ஆகிய மூன்றையும் இந்த வேலையோடு சேர்த்துப் புதிதாக மாற்றிவிடுவது என் உறுதியான பரிந்துரை.

படி 1: மாட்யூலை ஏற்றுதல்

மாட்யூலின் அடித்தகடு இரண்டு வேலை செய்கிறது: வெப்பத்தை வெளியேற்றுகிறது, எர்த் இணைப்பாகவும் இருக்கிறது. மின்னோட்டத்தை 5.5 ஆம்பியரில் நிறுத்திப் பிடிக்கும் கணங்களில் பேட்டரி மின்னழுத்தத்தின் பெரும்பகுதி மாட்யூலின் மேல்தான் விழுகிறது. அந்தச் சிறு துண்டு நேரத்தில் அது ஐம்பது வாட்டுக்கு மேல் வெப்பமாக்குகிறது. வெப்பம் வெளியேறாவிட்டால் மாட்யூல் மாதக்கணக்கில்கூடத் தாங்காது.

அலுமினியத் தகட்டில் மாட்யூல் உட்காரும் இடத்தை மென்மையான உப்புத்தாளால் தேய்த்து, கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தால் ஆடாத அளவுக்குச் சமமாக்குங்கள். துளை போட்ட பிறகு துளையின் விளிம்பில் எழும் பிசிறை நீக்க மறந்தால், மாட்யூலின் அடித்தகடு அந்தப் பிசிறின் மேல் ஏறி நின்று, நடுவில் காற்று தங்கிவிடும். தெர்மல் பேஸ்ட்டை உலோகத்தின் நிறம் மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெல்லிய படலமாகப் பூசுங்கள். தடிமனாக அப்பினால் அது வெப்பத்தைத் தடுக்கும். இரண்டு திருகுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். மாட்யூலின் திருகுத் துளைகளில் உள்ள உலோக வளையங்களே எர்த் என்பதால், ஒரு திருகின் கீழ் வளைய முனை வைத்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை நேராக எஞ்சின் பிளாக்குக்குக் கொண்டு செல்லுங்கள். பெயின்ட் அடித்த பாடியின் மேல் திருகிவிட்டால் போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

தகட்டைப் பொருத்தும் இடம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து விலகி, காற்று படும் இடமாக இருக்க வேண்டும். காயிலையும் அதன் அருகிலேயே பொருத்தினால், இரண்டுக்கும் இடையே ஓடும் ஒயர் நீளாமல் இருக்கும்.

படி 2: ரிலே வழியாக மின்சாரம்

பழைய காரில் இக்னிஷன் சாவியிலிருந்து காயிலுக்கு வரும் ஒயர் மெல்லியது. வழியில் பல இணைப்புகள் ஆண்டுக்கணக்கில் துருவேறியிருக்கும். சில கார்களில் அதே வழியில் மின்னோட்டத்தைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டரோ, அதன் வேலையைச் செய்யும் மின்தடை ஒயரோ இருக்கும். புதிய அமைப்புக்கு முழு மின்னழுத்தம் வேண்டும் என்பதால் ரிலே வைக்கிறோம்.

ரிலேயின் 30-ஆம் முனைக்குப் பேட்டரி பாசிட்டிவிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ஒயர் வர வேண்டும். ஃபியூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்கட்டும். 87-ஆம் முனையிலிருந்து இரண்டு ஒயர்கள் கிளம்பி, ஒன்று காயிலின் பாசிட்டிவுக்கும் மற்றது மாட்யூலின் பி முனைக்கும் செல்லும். பழைய காயிலின் பாசிட்டிவில் இருந்த ஒயரை 86-ஆம் முனையில் மாட்டி, 85-ஆம் முனையை எர்த் செய்யுங்கள். அந்தப் பழைய ஒயரில் பேலஸ்ட் இருந்தாலும் கவலை இல்லை. ரிலேயின் சுருள் இழுப்பது 0.15 ஆம்பியர் அளவே என்பதால், ஒன்றரை ஓம் பேலஸ்டில் கால் வோல்ட்கூட விழாது. ஸ்டார்ட் செய்யும்போது பேலஸ்டைத் தாண்டிக் காயிலுக்கு வரும் தனி ஒயர் உங்கள் காரில் இருந்தால், அதையும் 86-ஆம் முனையிலேயே சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் சில கார்களில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது ரிலே விழுந்துவிடும்.

படி 3: காயில், மாட்யூல், பிக்கப் இணைப்பு

காயிலின் நெகட்டிவ் முனையிலிருந்து மாட்யூலின் சி முனைக்கு ஒயர் செல்லும். பல காயில்களில் பாசிட்டிவுக்கு 15 என்றும், நெகட்டிவுக்கு 1 என்றும், உயர் மின்னழுத்த முனைக்கு 4 என்றும் பொறித்திருப்பார்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் மாற்றி மாட்டினாலும் எஞ்சின் ஓடும். அதனாலேயே இந்தத் தவறு வெளியே தெரிவதில்லை. ஆனால் பிளக்கின் சூடான மைய முனை நெகட்டிவாக இருக்கும்போது எலெக்ட்ரான்கள் அதிலிருந்து எளிதாகக் கிளம்பும். துருவம் மாறினால் அதே இடைவெளியைத் தாண்டக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்பட்டு, நாம் சேர்த்த சேமிப்பு வீணாகும்.

பாயிண்டோடு இருந்த கண்டென்ஸர் காயிலின் நெகட்டிவில் எங்காவது தொங்கிக்கொண்டிருந்தால் அதை நீக்கிவிடுங்கள். ரேடியோ இரைச்சலுக்காகப் பாசிட்டிவ் பக்கம் வைத்த கண்டென்ஸர் அப்படியே இருக்கட்டும்.

பிக்கப்பின் இரண்டு ஒயர்களும் மாட்யூலின் டபிள்யூ, ஜி முனைகளுக்குச் செல்லும். இவற்றை ஒன்றோடொன்று முறுக்கி, பிளக் ஒயர்களிலிருந்து விலக்கிக் கொண்டுவாருங்கள். பக்கத்தில் ஓடினால் தவறான கணத்தில் பொறி விழும். பிக்கப்புக்கும் பல்லுக்கும் இடையே உள்ள இடைவெளியை அந்த டிஸ்ட்ரிபியூட்டருக்குரிய கையேடு சொல்லும் அளவில் வையுங்கள். அதற்குப் பித்தளை ஃபீலர் கேஜ் தேவை. இரும்பாலானது காந்தத்தில் ஒட்டிக்கொண்டு, இறுக்கமாக இருப்பது போன்ற தவறான உணர்வைத் தரும்.

எந்த ஒயர் டபிள்யூவுக்கு, எது ஜிக்கு என்பது சாதாரண விஷயமல்ல. பிக்கப் தரும் அலை ஒரு பக்கம் செங்குத்தாக விழுந்து, மறுபக்கம் சாய்வாக ஏறும். செங்குத்தான பக்கத்தில் மாட்யூல் இயங்கினால் பொறி ஒவ்வொரு முறையும் ஒரே கணத்தில் விழும். ஒயர் மாறிச் சாய்வான பக்கத்தில் இயங்கினால் டைமிங் பல டிகிரி பின்தங்குவதோடு, வேகம் மாற மாற நகர்ந்துகொண்டே இருக்கும். எஞ்சின் ஓடத்தான் செய்யும், ஆனால் சோம்பலாக, எக்ஸாஸ்ட் சூடேறி ஓடும். இதை டைமிங் லைட்டில்தான் பிடிக்க முடியும்.

படி 4: முதல் பொறி

பேட்டரியை இணைக்கும் முன், ரிலேயின் 87-ஆம் முனைக்கும் எர்த்துக்கும் இடையே ஷார்ட் இல்லை என்று மல்டிமீட்டரால் உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு சாவியைத் திறந்து, காயில் பாசிட்டிவில் பேட்டரியில் உள்ள அதே மின்னழுத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகும் இந்த வேறுபாடு அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. அதேபோல் மாட்யூலின் எர்த் வளையத்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே கால் வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும்.

காயிலின் மைய ஒயரில் ஸ்பார்க் டெஸ்டரை மாட்டி, அதை எஞ்சினில் எர்த் செய்து, ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். சாதாரண பிளக்கை வெளியே வைத்துப் பார்க்கும் சோதனை பயனற்றது. திறந்த காற்றில் 0.7 மில்லிமீட்டரைத் தாண்ட இரண்டு மூன்றாயிரம் வோல்ட்டே போதும். கெட்டுப்போன காயில்கூட அதைத் தாண்டிக் காட்டும். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறிய நிலையில் தேவை அதைப்போலப் பல மடங்கு. அதனால்தான் அகலமான இடைவெளி கொண்ட டெஸ்டர் வேண்டும். மைய ஒயரை எதனோடும் இணைக்காமல் அந்தரத்தில் விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றவே கூடாது. வெளியேற வழியில்லாத மின்னழுத்தம் காயிலின் காப்பையே உடைத்துக்கொண்டு வெளியேறும்.

படி 5: டைமிங்

பொறி வந்ததும் ஒயர்களை உரிய இடத்தில் மாட்டி எஞ்சினை ஓடவிட்டு, எஞ்சினின் உறிஞ்சலால் டைமிங்கை நகர்த்தும் வாக்குவம் அட்வான்ஸ் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, கையேட்டின்படி டைமிங்கைப் புதிதாக வையுங்கள். பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் நிலையை அடையாளம் வைத்து அதே இடத்தில் பொருத்தினால் போதும் என்று நினைக்க வேண்டாம். பிக்கப்பின் பொறிக் கணம் பாயிண்டினுடையது அல்ல. பிறகு வேகத்தைக் கூட்டும்போது டைமிங் குறி சீராக முன்னேறி, தெளிவாக நிற்க வேண்டும். குறி நடுங்கினாலோ, முன்னேறாமல் பின்வாங்கினாலோ டபிள்யூ, ஜி ஒயர்களை இடம் மாற்றிப் பாருங்கள்.

படி 6: பிளக் இடைவெளி

பாயிண்ட் இக்னிஷனில் பிளக் இடைவெளி பொதுவாக 0.6 அல்லது 0.7 மில்லிமீட்டர். ஆற்றல் கூடிவிட்டதால் இதை அகலமாக்கலாம். அகலமான பொறி, மெலிந்த கலவையை எளிதில் பற்ற வைக்கும். ஆனால் ஒரே தாவலில் ஒரு மில்லிமீட்டருக்குப் போகாதீர்கள். 0.1 மில்லிமீட்டர் கூட்டி, சில நாட்கள் எல்லா நிலையிலும் ஓட்டி, குறிப்பாக உயர் கியரில் குறைந்த வேகத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்தும்போது எஞ்சின் உதறுகிறதா என்று கவனியுங்கள். சிலிண்டருக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும் அந்த நிலையில்தான் பிளக் அதிக மின்னழுத்தம் கேட்கும். உதறினால் ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள். சிறிய டிஸ்ட்ரிபியூட்டர் கேப் கொண்ட எஞ்சின்களில் 0.9 மில்லிமீட்டருக்கு மேல் போக நான் சொல்லமாட்டேன். கேப்பின் முனைகள் நெருக்கமாக இருப்பதால், பிளக்கில் தாண்டுவதைவிடப் பக்கத்து முனைக்குத் தாவுவது பொறிக்கு எளிதாகிவிடும்.

வரக்கூடிய சிக்கல்கள்

சாவியை மூடிய பிறகும் எஞ்சின் நிற்காமல் ஓடினால் பதற வேண்டாம். ஆல்டர்னேட்டரின் சார்ஜ் விளக்கு வழியாகப் பின்னோக்கி வரும் சிறு மின்னோட்டம் ரிலேயைப் பிடித்து வைத்திருக்கிறது. முன்பு காயில் கேட்ட நான்கு ஆம்பியரை அந்த விளக்கால் தர முடியவில்லை. இப்போது ரிலே கேட்பது மிகச் சிறியது என்பதால் தந்துவிடுகிறது. விளக்கிலிருந்து ஆல்டர்னேட்டருக்குச் செல்லும் ஒயரில், அந்தத் திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும்படி ஒரு டயோடு சேர்த்தால் சரியாகிவிடும்.

டாக்கோமீட்டர் நின்றுபோனால் அதன் வகையைப் பாருங்கள். பெரும்பாலானவை காயிலின் நெகட்டிவிலிருந்து சிக்னல் எடுப்பவை. அவற்றின் ஒயரை அதே முனையில் மாட்டினால் போதும். சில பழைய மீட்டர்கள் காயிலுக்குச் செல்லும் மின்னோட்டத்தையே தம் வழியாக விட்டு அளப்பவை. ரிலே வைத்ததும் அந்த வழி மாறிவிடுவதால் அவை நின்றுவிடும். அத்தகைய மீட்டரை நெகட்டிவ் முனைச் சிக்னலுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள வேண்டும்.

இருபது நிமிடம் நன்றாக ஓடி, பிறகு திடீரென்று நின்று, ஆறியதும் மறுபடி ஸ்டார்ட் ஆனால், ஏறக்குறைய எப்போதும் மாட்யூலின் வெப்பம்தான் காரணம். கழற்றி, பழைய பேஸ்ட்டைத் துடைக்கும் முன், மாட்யூல் எங்கே படாமல் விட்டிருக்கிறது என்று பாருங்கள். படாத இடம் பளபளப்பாக அப்படியே தெரியும்; தகடு சமமாக இல்லாத இடம் அதுதான். வெப்பம் பிரச்சினை இல்லையென்றால் பிக்கப்பின் ஒயர்களைச் சந்தேகியுங்கள். வாக்குவம் அட்வான்ஸ் நகரும்போதெல்லாம் பிக்கப் தட்டும் நகர்வதால், அந்த ஒயர்கள் காப்பு உறைக்குள்ளேயே அறுந்து, வெளியே நலமாகத் தோன்றும். பிக்கப்பில் ஓம்மீட்டரை வைத்துக்கொண்டு ஒயரை மெல்ல அசைத்தால் அளவு தாவிக் காட்டும்.

உயர் சுற்றில் மட்டும் தவறினால், விளக்கை அணைத்த இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு, கை வைக்காமல் சற்று விலகி நின்று பிளக் ஒயர்களையும் கேப்பையும் பாருங்கள். நீல நிறத்தில் மினுங்கும் இடமெல்லாம் மின்சாரம் கசியும் இடம்.

எல்லாம் சரியாக ஓடத் தொடங்கிய பிறகு, முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஒருமுறை கேப்பைக் கழற்றி உள்சுவரையும் ரோட்டார் முனையையும் பாருங்கள். ரோட்டார் முனையின் ஒரு ஓரம் மட்டும் அரித்திருந்தால், பொறி விழும் கணத்தில் அது கேப்பின் முனைக்கு நேராக நிற்கவில்லை என்று பொருள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பிக்கப் உட்காரும் நிலையைச் சரிபார்க்க வேண்டும். கழற்றிய பழைய காயில், டிஸ்ட்ரிபியூட்டர், பேலஸ்ட் மூன்றையும் துடைத்து, எந்த ஒயர் எங்கே இருந்தது என்ற குறிப்போடு ஒரே பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். நெடுந்தூரப் பயணங்களில் ஒரு மாற்று மாட்யூலும் சிறு தெர்மல் பேஸ்ட் குழாயும் காரில் இருக்கட்டும்.